முறைத் தண்ணீர் நாளில் வைத்த கூட்டம்

1

போன திங்கட்கிழமை எங்கள் அலுவலகத்தில் பயணப் படிவத்தை மாற்றிவிட்டார்கள். முன்பு ஆறு கேள்விகள்தான். எங்கே, எப்போது, யாரைப் பார்க்க, எத்தனை நாள், எந்த வகுப்பில், யார் அனுமதி. இப்போது ஏழாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: “இந்தக் கூட்டத்தைத் திரையில் நடத்த முடியாததற்குக் காரணம் என்ன? முந்நூறு எழுத்துகளுக்குள் எழுதவும்.”

எட்டு முறை எழுதிப் பார்த்தேன். எட்டு முறையும் எழுத்து கூடிப்போய்ப் பெட்டி சிவப்பாகிவிட்டது. அதில் அடங்காததை இங்கே எழுதுகிறேன். ஊரில் இருக்கும் நீங்கள் எழுத்தை எண்ணிக்கொண்டு படிக்கப் போவதில்லை.

நான் நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் நிறுவனம் கால்வாய்களில் நடுகிற அளவுக்கம்பங்களைச் செய்கிறது. ஆள் உயர இரும்புக் கம்பம், உச்சியில் ஒரு சின்னப் பெட்டி, அதன் மேல் உள்ளங்கை அகலத்தில் சூரியத் தகடு. தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது என்பதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது போனுக்குச் சொல்லும். கம்பம் செய்வது மற்றவர்கள் வேலை. அதை நட ஒப்புக்கொள்கிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. ஆகவே ஒன்பது ஆண்டுகளாகப் பயணம்தான்.

2

கூட்டப் பயணங்களுக்கென்று தனியாக ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். இதுவரை அறுபத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் ஊர், தேதி, கூட்டம் நடந்த நேரம், முடிவு.

நல்ல பக்கங்களும் அதில் இருக்கின்றன. திரையில் ஓராண்டு முறைத்துக்கொண்டிருந்த ஒருவர் நேரில் பார்த்தபோது என் பையை வாங்கித் தூக்கிக்கொண்டு நடந்தார். மறுநாள் காலை கையெழுத்துப் போட்டார். அதே குறிப்பேட்டில் இன்னொரு பக்கம்: பதினான்கு மணி நேரப் பயணம், நாற்பது நிமிடக் கூட்டம், முடிவு என்ற இடத்தில் “அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கலாம்”. விடுதி அறையில் விழித்து, இது எந்த ஊர், காலை வணக்கத்தை எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்த காலைகள் கணக்கில் வரவில்லை. ஒருமுறை மின்தூக்கியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியிடம் “வாங்க” என்று சொல்லிவிட்டேன். அவரும் உள்ளே வந்துவிட்டார்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே என் மகள் இனியாவின் நாட்கள் இருக்கின்றன. நான் இல்லாத நாட்கள். நீச்சல் சான்றிதழ் வாங்கிய நாள், பள்ளி நாடகம், பதினான்காம் பிறந்தநாள், சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்ட நாள். இப்போது அவளுக்குப் பதினேழு வயது. சின்ன வயதில், நான் வரவில்லை என்றால் அழுவாள். பிறகு கோபப்பட்டாள். இப்போது இரண்டு ஆண்டுகளாக ஒரே பதில்: “பரவால்லப்பா.”

அந்தச் சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும். திருவையாற்றுப் பக்கத்தில் என் அப்பா கூலிக்கு நடவு, அறுப்பு வேலை செய்தார். பிறகு கொஞ்சம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தார். என் பள்ளியில் பரிசு கொடுக்கிற நாள் எப்போதும் நடவு நாளாகவே அமைந்தது. எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அவராகவே ஒருமுறை, “வர முடியலடா” என்று ஆரம்பித்தபோது, “பரவால்லப்பா” என்றேன். அதற்குப் பிறகு பள்ளியைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

டிசம்பரில் இனியா ஒரு தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பள்ளி இறுதி ஆண்டு ஆய்வை மாணவர்கள் பெற்றோர் முன்னால் பேசிக் காட்டும் மாலை. ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஏழு மணி. “வரணும்” என்று அவள் சொல்லவில்லை. தாளை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

வருகிறேன் என்று சொன்னேன். திரும்பிப் பார்க்காமல், “பாத்துக்கலாம்பா” என்றாள்.

3

அதே ஜனவரியில்தான் தஞ்சாவூர் வேலையும் முடிவுக்கு வர வேண்டியிருந்தது.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிளை வாய்க்காலில் எங்கள் கம்பங்கள் ஆறு, இரண்டு ஆண்டுகளாகச் சோதனைக்கு நிற்கின்றன. கடைமடைப் பகுதி அது. ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டு, மிச்சம் இருந்தால் கடைசியாக அங்கே போகும். இந்தச் சோதனையைக் கேட்டு வாங்கியவன் நான். என் அறுபத்தோரு பயணங்களில் என் மாவட்டத்துக்கு ஏதாவது செய்த பயணம் என்று சொல்ல எனக்கு வேறு எதுவும் இல்லை.

அங்குள்ள பாசன விவசாயிகள் சங்கம் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் கம்பங்கள் நிற்கும். ஜனவரி முடிவதற்குள் கொடுக்காவிட்டால் பிடுங்கி எடுத்துவிட வேண்டும். இது என் மேலாளர் ஹென்க் போட்ட கெடு. திரையில் மூன்று கூட்டம் நடத்தினேன். மூன்றிலும் பதினோரு முகங்கள், அரசு நீர்வளத் துறை அலுவலகப் பொறியாளர் ஒருவர். எல்லாரும் தலையாட்டினார்கள். சங்கத் தலைவி மலர்க்கொடி மூன்று முறையும் ஒரே சொல்லைச் சொன்னார்: “செஞ்சிடலாம் சார்.” கையெழுத்து மட்டும் வரவே இல்லை.

“ஒரே ஒரு கூட்டம். நேரில் போய் முடித்துவிட்டு வா. இல்லையென்றால் கம்பங்களைக் கழற்றச் சொல்லிவிட்டு வா” என்றார் ஹென்க்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தஞ்சாவூரில் விடுதிக் கூடத்தில் கூட்டம். ஒரு மணிக்குச் சாப்பாடு. அன்று இரவு எட்டரைக்குத் திருச்சியிலிருந்து விமானம். வெள்ளி மதியம் வீடு, மாலை ஏழுக்கு இனியாவின் பள்ளி. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, நேரங்களுக்கு நடுவே இடைவெளியும் விட்டிருந்தேன். அந்தத் தாளைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

4

திருவையாற்றில் இசை விழா நேரம். தஞ்சாவூரில் அறை கிடைப்பதே பாடாக இருந்தது. கிடைத்த விடுதியில் வெளிநாட்டினருக்கான படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் எழுதியதைப் படித்துவிட்டு வரவேற்பில் இருந்த பெண், “இங்கேருந்து பன்னண்டு கிலோமீட்டர்தான் சார்” என்றார். ஆமாம் என்றேன். “அப்ப வந்த நோக்கம்னு என்ன போடறது?” கூட்டம் என்று போடச் சொன்னேன்.

வியாழன் காலை ஒன்பதரைக்குக் கூடத்தில் நாற்பது நாற்காலி, நாற்பது தண்ணீர் பாட்டில், திரை, மைக். பத்து மணிக்கு ஒருவரும் இல்லை. பத்தேகாலுக்கும் இல்லை. பத்தரைக்கு மலர்க்கொடிக்குப் போன் செய்தேன். காற்றுச் சத்தமும் மயில் சத்தமும் கேட்டன.

“என்ன சார், தஞ்சாவூருக்கு வந்துட்டீங்களா?”

“கூட்டம் தஞ்சாவூரில் அல்லவா? பத்து மணிக்கு என்று நிகழ்ச்சி நிரல் அனுப்பியிருந்தேனே.”

“சார், இன்னிக்கு எங்க முறை! ஆறு நாளா வாய்க்கா காஞ்சு கெடந்து இன்னிக்குத்தான் தண்ணி உட்ருக்காங்க. இன்னிக்குப் போயி எவன் மடைய விட்டுட்டு நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் வருவான்? குரூப்புல சேதி போட்டனே, பாக்கலியா?”

பார்க்கவில்லை. அந்த வாட்ஸ்அப் குழுவில் தினமும் முப்பது நாற்பது ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வரும். அக்டோபரில் அதன் ஒலியை அடைத்துவிட்டேன். அப்போதே திறந்து தேடினேன். ரோஜாக்களுக்கு நடுவில், திங்கட்கிழமை, மூன்று வரியில் இருந்தது: வியாழன் முதல் நம்ம முறை, ஆறு நாள், கூட்டத்தை வேற தேதிக்கு வச்சுக்கலாம் சார்.

அணையில் இருப்பு குறையும்போது எல்லா வாய்க்காலிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் விடமாட்டார்கள். ஆறு நாள் இவர்களுக்கு, ஆறு நாள் அவர்களுக்கு. என் நாட்காட்டியில் டச்சு விடுமுறைகள் இருந்தன. பொங்கல், தீபாவளி, ரம்ஜான், அமெரிக்க அலுவலகத்தின் விடுமுறைகள்கூட இருந்தன. முறை இல்லை.

“நீங்க எந்த ஊரு சார்?” என்றார் மலர்க்கொடி.

“திருவையாற்றுப் பக்கம்.”

“அதான்! தண்ணிய மொதல்ல குடிக்கிற ஊரு. ஒங்களுக்கு முறையாவது ஒண்ணாவது.” சிரித்தார். “ஆறு நாள் கழிச்சு வச்சுக்கலாம், நீங்க இருங்க.”

ஆறு நாள். மேசையில் இருந்த என் தாளைப் பார்த்தேன். நடுவே விட்ட இடைவெளி எதுவும் அத்தனை பெரிதாக இல்லை.

இருந்தால் இனியாவிடம் போன் செய்து சொல்ல வேண்டும். அவள் என்ன சொல்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருக்காமல் போனால் கம்பங்களைக் கழற்ற வேண்டும். இரண்டையும் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் இல்லை.

“நான் அங்கே வருகிறேன். கூட்டம் இன்றைக்கேதான்” என்றேன்.

“வாங்க. நாற்காலி கெடையாது.”

விடுதி மேலாளர் நல்ல மனிதர். நாற்பது சாப்பாட்டையும் பொட்டலம் கட்டி வேனில் பின்னாலேயே அனுப்பிவைப்பதாகச் சொன்னார். பெட்டியையும் எடுத்துக்கொண்டு, பத்து ஐம்பதுக்குக் காரில் ஏறினேன்.

5

பன்னிரண்டு ஐந்துக்கு ஆறாவது கம்பத்தின் அருகே இறங்கினேன். எங்கள் கடைசிக் கம்பம். போனில் பார்த்தேன்: இருபத்திரண்டு சென்டிமீட்டர். தண்ணீர் அங்கே வந்து சேர்ந்த நேரம் பத்து ஐம்பது. மதகில் ஒருவர் முழங்கால்வரை இறங்கி ஆகாயத்தாமரையை இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார். மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர் முருகையன். கரைமேல் கையில் மண்வெட்டியோடு மலர்க்கொடி. என் வயதுதான் இருக்கும். திரையில் தெரிந்ததைவிட உயரம்.

“ஷூ போட்டுக்கிட்டு வந்திருக்காரு பாருங்க லஸ்கரண்ணே” என்றார்.

நான் பையைத் திறந்து, “முதலில் திட்டத்தின் நோக்கத்தைச் சுருக்கமாக எடுத்துரைக்கிறேன்” என்று தொடங்கினேன்.

முருகையன் தண்ணீருக்குள் நின்றபடியே திரும்பினார். “என்னா சார், ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு?”

சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். வீட்டில் பாதிக்குமேல் டச்சு, அலுவலகத்தில் ஆங்கிலம், முழுத் தமிழ் எழுத்தில் மட்டும்தான். என் தமிழ் அப்படித்தான் ஆகிவிட்டது. பையை மூடினேன்.

“சரி. மூணு தடவ செஞ்சிடலாம்னீங்க. ஏன் செய்யல?”

“இப்பக் கேக்கிறீங்க பாருங்க, இது கேள்வி.” மலர்க்கொடி கம்பத்தை மண்வெட்டியால் தட்டினார். “இதுல தண்ணி எவ்வளவு?”

“இருபத்திரண்டு சென்டிமீட்டர்.”

“எங்க கடைசி மடை இன்னும் மூணு கிலோமீட்டர். அங்க சொட்டு வரல. தண்ணி வரலன்னு நாங்க ஆபீசுல சொன்னா, ‘கம்பி வந்துட்டுன்னு சொல்லுதே’ங்கிறாங்க. முன்னாடியாவது வாயால சண்ட போடுவோம். இப்ப ஒங்க கம்பி எங்களுக்கு எதிரா சாட்சி சொல்லுது. இதுக்குச் சம்மதம்னு நான் எழுதிக் குடுக்கணுமா?”

“இதைக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாமே.”

“அந்தப் பொட்டியில ஆபீஸ் ஆளும் ஒக்காந்திருந்தாரு. அவரு மூஞ்சிக்கு நேரா இதப் பேசிட்டு அடுத்த முறைக்கு யாருகிட்டப் போயி நிக்கறது? நீங்க அவுங்க ஆளா, எங்க ஆளான்னே தெரியாது. தலையத்தான் ஆட்ட முடியும்.”

திட்டப்படத்தில் ஆறாம் கம்பத்துக்கு அப்பால் கோடு இல்லை. அங்கே போன் சிக்னல் இல்லை என்பதால் படம் வரைந்தவர் நிறுத்திவிட்டார். நானும் இரண்டு ஆண்டுகளாக அதையே வாய்க்காலின் முடிவு என்று காட்டிவந்திருக்கிறேன்.

“கடைசி மடைக்குப் போகலாம்” என்றேன்.

“போலாம். தண்ணி அங்க வர்ற வரைக்கும் நின்னு கண்ணால பாருங்க. அதுக்கப்புறம் கையெழுத்தப் பத்திப் பேசுங்க.”

மூன்றரைக்கு நான் கிளம்பியாக வேண்டும் என்றும், மகளுக்கு மறுநாள் பள்ளியில் ஒரு விழா என்றும் சொன்னேன். மலர்க்கொடி வாய்க்காலைப் பார்த்தார். “அத இதுக்கிட்டச் சொல்லுங்க.”

கரையோடு நடந்தோம். ஒவ்வொரு மடையிலும் ஒருவர், சில இடத்தில் கணவனும் மனைவியும். அந்தக் கூட்டம் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு இருந்தது. நின்ற இடத்திலேயே பேசினார்கள். கம்பத்தைத் திட்டினார்கள், என்னைத் திட்டினார்கள், மேலே தண்ணீரை மறிக்கும் ஊர்களைத் திட்டினார்கள். “திருவையாறாம்” என்று மலர்க்கொடி ஒவ்வொருவரிடமும் மறக்காமல் சொன்னார். எல்லாவற்றையும் பெயரோடும் நேரத்தோடும் எழுதிக்கொண்டேன். ஒரு மணிக்கு வேன் வந்து மடைமடையாகச் சாப்பாட்டைக் கொடுத்துக்கொண்டு போனது.

“நாம போகாட்டியும் சாப்பாடு வருதே, மாசம் ஒரு கூட்டம் வைங்க சார்” என்றார் ஒருவர்.

தண்ணீர் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஆறு நாள் காய்ந்த வாய்க்காலில் அது வேகமாக வருவதில்லை. ஒரு பள்ளத்தை நிரப்பும், வெடிப்புக்குள் இறங்கும், சருகைத் தள்ளிக்கொண்டு ஓர் அடி நகரும்.

ஒன்றரைக்குக் கடைசி மடை. அதற்கு அப்பால் மலர்க்கொடியின் தாளடிப் பயிர், கதிரில் பால் பிடிக்கும் பருவம். ஒரு கதிரை நசுக்கிக் காட்டினார். வெள்ளையாகக் கசிந்தது. “இன்னும் நாலு நாள் காஞ்சா அம்புட்டும் கருக்காதான். உமிய அறுத்து என்ன செய்ய?”

போனில் சிக்னல் இல்லை. வரப்பில் நடந்தேன், இல்லை. தென்னந்தோப்பின் மோட்டார் கொட்டகைக் கூரைமேல் ஏறச் சொன்னார்கள். ஏறினேன். இரண்டு கோடு தெரிந்தது. இறங்கி, கொட்டகையிலிருந்து மடைவரை நடந்து எண்ணினேன். ஐம்பத்திரண்டு தப்படி. சுமார் நாற்பது மீட்டர். கம்பத்தை மடையில் நட்டு, ஒரு கம்பியை இழுத்து, பெட்டியைக் கூரையில் வைத்துவிடலாம்.

திரும்பக் கூரைமேல் ஏறி ஹென்க்கை அழைத்தேன். அங்கே காலை ஒன்பதரை.

“கூட்டம் முடிந்ததா?”

“நடந்துகொண்டிருக்கிறது.”

“அது என்ன சத்தம்?”

“மயில். ஹென்க், ஆறாவது கம்பம் தப்பான இடத்தில் நிற்கிறது. கடைசி மடைக்கு மாற்ற வேண்டும். மாற்றினால் சம்மதம் கிடைக்கும்.”

“திட்டத்தில் அப்படி இல்லையே. ஒரு கூட்டத்தில் இதையெல்லாம் எப்படி முடிவு செய்வது? ஆதாரம் வேண்டும்.”

“ஒரு மணி நேரம் கொடுங்கள்” என்றேன். இறங்கி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு மடையில் உட்கார்ந்தேன்.

இரண்டு மணி. இரண்டேகால். மலர்க்கொடி ஒரு தடவை என் கடிகாரத்தைப் பார்த்தார், கேலி செய்யவில்லை. “மவளுக்கு என்ன விழா?”

“பேசிக்காட்டுகிறாள். நான் வரமாட்டேன் என்று முடிவே செய்துவிட்டாள்.”

அவர் எழுந்தார். கரைமேல் ஏறி, வாய்க்கு இருபுறமும் கை வைத்து வடக்கே பார்த்துக் கத்தினார்: “யோவ் செல்லத்துர! ஒன் மடைய அடைங்கய்யா! இங்கிட்டு விடுங்க! இவருக்குப் ப்ளேனு!”

அந்தக் குரல் கரையோடு ஆள் ஆளாகக் கைமாறி மேலே போனது. எத்தனை மடை அடைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தம் முறை நாளில், தம் பயிருக்குப் போகும் தண்ணீரை.

இரண்டு நாற்பதுக்கு, சருகும் நுரையுமாக, தண்ணீர் கடைசி மடைக்கு வந்தது. ஆறாம் கம்பத்தில் பத்து ஐம்பது, இங்கே இரண்டு நாற்பது. மூன்று மணி ஐம்பது நிமிடம். அதுவும் பலர் மடை அடைத்துக் கொடுத்த பிறகு. நேரத்தோடு படம் எடுத்துக் கூரைமேல் ஏறி ஹென்க்குக்கு அனுப்பினேன். நான்கு நிமிடம் கழித்துப் பதில் வந்தது: “மாற்று.”

சம்மதத் தாளில் ஒரு வரி சேர்த்தேன்: ஆறாம் கம்பம் கடைசி மடையில் நடப்பட்ட பிறகே இது செல்லும். மலர்க்கொடி இருமுறை படித்தார். மண்வெட்டியைப் படுக்கப் போட்டு அதன் இலைமேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். திரும்பி நடந்த வழியெல்லாம் இருபத்திரண்டு பேர். நனைந்த கைகள். தாளின் ஓரம் முழுக்கச் சேறு. மூன்று முப்பத்தெட்டுக்குக் காரில் ஏறினேன்.

“அடைச்ச மடையெல்லாம் தொறந்தாச்சுண்ணே, நீங்க கெளம்புங்க” என்றார் முருகையன். மலர்க்கொடி ஜன்னலைத் தட்டினார்.

“அண்ணே, குரூப்ப மொதல்ல தொறந்து வைங்க.”

6

வெள்ளிக்கிழமை ஆறு ஐம்பதுக்குப் பள்ளிக் கூடத்தில் நுழைந்தேன். கையில் பெட்டி, ஷூவில் காய்ந்த சேறு. இனியா மேடை ஓரத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த அட்டைகளைக் கீழே போட்டுவிட்டுப் பொறுக்கினாள்.

அவளுடைய ஆய்வு, பதின்ம வயதினரின் தூக்கமும் பள்ளி தொடங்கும் நேரமும். டச்சில், அறிவியல் சொற்களாகப் பேசினாள். பத்துச் சொல்லில் எட்டு எனக்குப் பிடிபட்டது. அவள் குரல் தெளிவாக இருந்தது, கூடத்தில் கதகதப்பாக இருந்தது. நான்காவது அட்டைவரை எனக்கு நினைவிருக்கிறது.

சிரிப்புச் சத்தத்தில் விழித்தேன். என் மனைவி முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தாள். மேடையில் இனியா என்னைக் கைகாட்டிக்கொண்டிருந்தாள். “தூக்கம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு, மூன்றாவது வரிசையில் என் அப்பா.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். கதவைத் திறக்கும்போது, “உலகத்தின் அந்தப் பக்கத்துலேருந்து தூங்கவா வந்தீங்க?” என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். அந்தக் கோபத்தைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது!

7

குழுவின் ஒலியைத் திறந்துவிட்டேன். ரோஜாப்பூக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எங்கள் ஆறாவது கம்பம் இப்போது மலர்க்கொடியின் மடையில் நிற்கிறது. முறைச் செய்தி வந்ததும், சமையலறை நாட்காட்டியில் அந்த ஆறு நாட்களின் மேல் நீலப் பென்சிலால் கோடு போட்டுவிடுகிறேன்.

நேற்று, அங்கே அடுத்த பயணத்துக்கான படிவத்தில், ஏழாம் கேள்விக்குப் பதிலும் அடங்கியது: “மூன்று கிலோமீட்டர் நீளக் கூட்டம். யாரும் தம் இடத்தை விட்டு வர முடியாது. நான்தான் போக வேண்டும்.” பெட்டி பச்சையாகவே இருந்தது.

இனியா பழச்சாறு எடுக்க வந்தவள் நாட்காட்டிமுன் நின்றாள். “இந்த நீலம் என்ன?”

சொன்னேன். இந்த நாட்களில் அவர்கள் வேறு எங்கும் போகமாட்டார்கள், என்ன வேலை இருந்தாலும், யார் கூப்பிட்டாலும்.

பென்சிலை எடுத்தாள். பக்கங்களைப் புரட்டி ஜூலைக்குப் போனாள். பள்ளியில் பட்டயம் கொடுக்கும் நாள் அது. அதன்மேல் கோடு போட்டாள். பிறகு யோசித்து, முந்தைய நாளின்மேலும் இழுத்தாள்.

“அது எதுக்கு?”

“அன்னிக்கு வந்து தூங்கிடுங்க. அடுத்த நாள் முழிச்சிருக்கணும்.”

“அந்த நேரத்தில் கூட்டம் ஏதாவது வந்தால்?”

“வரணும்பா” என்றாள். “நீங்க வரணும்.”

அவள் மாடிக்குப் போனபின் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, தேதி போட்டு எழுதினேன்: இன்று இனியா பரவால்ல என்று சொல்லவில்லை.